பின்னாடி தோட்டத்துல உட்கார இடம்: சத்துவாச்சாரி தெரு குழு

கார்னர் வீட்டு அக்கா: தோட்டம் 20க்கு 15 அடி, மேக்குப் பார்த்தது. சாயங்காலம் நாலு பேர் உட்கார்ற மாதிரி பண்ணணும். முழுக்க கடப்பா கல் போட்டுடலாமா?

மேஸ்திரி அண்ணன்: வேணாம்மா. கருப்புக் கல்லு, பகலெல்லாம் சூட்டை வாங்கி வெச்சுக்கும். நீங்க உட்கார்ற நேரத்துக்குத்தான் வெளிய விடும். ஈரம் பட்டா வழுக்கும் வேற. 12க்கு 10 மட்டும் வெளிர் கலர்ல 60 எம்.எம். பேவர் பிளாக் போடுங்க. மிச்சம் மண்ணாவே இருக்கட்டும், தண்ணி இறங்கணும்.

அக்கா: அடியில இன்னா போடணும்ண்ணா?

மேஸ்திரி அண்ணன்: 8 அங்குலம் தோண்டி, தண்ணி தெளிச்சு திமிசுக் கட்டையால இடிச்சு இறுக்கணும். 4 அங்குலம் வெட்மிக்ஸ், அதாவது ஜல்லியும் கிரஷர் தூளும் தண்ணி விட்டுக் கலந்தது, ரெண்டு தடவையா போட்டு கம்பாக்டர் மெஷின் ஓட்டி இறுக்கணும். மொத்தமா கொட்டி மேல மட்டும் அடிச்சா அடி லூசா நிக்கும், மழைக்குக் குழி விழும். அதுமேல ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட். வெட்மிக்ஸ் அரை யூனிட், அதாவது 50 கன அடி, எம்-சாண்ட் 20 கன அடி வாங்குங்க. சுத்தி கான்கிரீட் பார்டர் கட்டாயம், இல்லன்னா பிளாக் விலகிடும்.

எதிர்வீட்டு சார்: வாட்டம்?

மேஸ்திரி அண்ணன்: சுவத்துலேர்ந்து வெளிய 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் சார். தண்ணி நிரப்பின ட்யூப்ல லெவல் பார்த்து நூல் கட்டணும், கண் மட்டம் வேணாம். செப்டிக் டேங்க் மூடியை மறைச்சுடாதீங்க.

நர்சரி தம்பி: அக்கா, நிழலை முதல்ல பாருங்க. தலைக்கு மேல நெட் கட்டினா உச்சி வெயிலுக்குத்தான் ஆகும். 4 மணிக்கு மேல வெயில் சாய்ஞ்சு நேரா முகத்துல அடிக்கும். மேக்கால 7 அடிக்கு ஜி.ஐ. பைப் ஃபிரேம் நட்டு, கம்பி வலை அடிச்சு கொடி ஏத்துங்க.

அக்கா: போர் தண்ணி உப்பாச்சே தம்பி?

நர்சரி தம்பி: அப்ப காகிதப்பூதான், உப்பு தாங்கும். முள்ளு இருக்கு, அதனால வெளிப்பக்கமா படர விடுங்க. அந்தத் தண்ணிய பேவர் மேல தெளிக்காதீங்க, காய்ஞ்சா வெள்ளையா உப்புப் பூக்கும்.

அக்கா: ஓரமா ஒரு புங்க மரம் வெக்கலாமா?

நர்சரி தம்பி: தாராளமா. மாசி பங்குனில இலை கொட்டும், சித்திரை வெயிலுக்குள்ள துளிர்த்துடும். செப்டிக் டேங்கை விட்டு 10 அடியாவது தள்ளி வைங்க.

எதிர்வீட்டு சார்: கோடை மழை காத்துக்கு ஃபிரேம் நிக்குமா?

மேஸ்திரி அண்ணன்: 2 அங்குல பைப், 2 அடி ஆழம் குழி, முழுக்க கான்கிரீட். கொடி அடர்ந்தா காத்தைப் பிடிக்கும், அதனால இதுல சிக்கனம் பார்க்காதீங்க.

அக்கா: அப்ப பைப் முதல்ல, பேவர் அப்புறமா?

மேஸ்திரி அண்ணன்: ஆமாம்மா. பேவர் போட்டுட்டு குழி தோண்டினா அடி கலைஞ்சுடும். பைப் நட்டு 7 நாள் க்யூரிங் விடுங்க, அப்புறம் வெட்மிக்ஸ் இறக்கலாம்.