பறப்பு நேரம்: என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்

அன்பின் நண்பர்களுக்கு,

ஆங்கிலத்தில் flight time என்பதற்குத் தமிழில் 'பறப்பு நேரம்' என்ற சொல்லை வைப்பதா என்ற பேச்சில், போன கிழமை அந்தச் சொல்லோடு சண்டைக்கு வந்தவன் நான்தான். என் கணக்கு இது. கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் சென்னையின் மீனம்பாக்கத்துக்கும் இடையே பெருவட்டத் தூரம் (பூமியின் வளைவை ஒட்டிய ஆகக் குறுகிய தூரம்) சுமார் 650 கிலோமீற்றர். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால் 50 நிமிடம் போதும். டிக்கெட்டிலோ ஒன்றரை மணி நேரத்துக்குக் கிட்டப் போட்டிருக்கும். 2006 ஏப்ரலில் இருந்து இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம்தான். நேர வித்தியாசத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. மிச்ச நேரம் ஓடுபாதை வரை ஊர்வதிலும், ஏறி இறங்கும்போது வேகம் குறைவதிலும், இறங்க முறை வரும்வரை சுற்றுவதிலும் கரைகிறது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னை பாதித் தூரம்தான், சுமார் 350 கிலோமீற்றர். ஆனால் ஓடுவது மணிக்கு 500 அளவில் போகும் புரொப்பெல்லர் விமானம். அங்கேயும் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல். தரையில் உருள்வதைப் பறப்பு என்று எப்படி எழுதுவது என்று கேட்டேன்.

பிறகுதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறையை ஒழுங்காக வாசித்தேன். மேலெழுவதற்காக விமானம் முதலில் அசைந்த கணத்தில் இருந்து, கடைசியாக வந்து ஓய்ந்து நிற்கும் கணம் வரை எல்லாமே பறப்பு நேரம்தானாம். சில்லுக்கு வைத்த கட்டையை எடுத்ததில் இருந்து திரும்பக் கட்டை வைக்கும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானி தன் பதிவேட்டில் எழுதுவதும் இந்தக் கணக்கைத்தான். சரி, நான் பிழை. சொல்லை அப்படியே விடுவோம்.

அதற்குப் பதிலாக, ஒரு தரிப்பிடத்தில் இருந்து மற்றத் தரிப்பிடம் வரை என்ற கருத்தில் நான் முன்மொழிந்த 'தரிப்பிடை நேரம்' இனி வேண்டாம். பஸ் தரிப்பிடம் நமக்குப் பழகிய சொல் என்ற தைரியத்தில் செய்தது. ஒரு எழுத்து மாறி 'தரிப்பிட நேரம்' ஆகிவிட்டால் விமானம் சும்மா நிற்கும் நேரம் என்று தலைகீழாகிவிடும்.

அப்படியானால் சொல் தேவைப்படுவது மற்றதற்கு: சில்லு நிலத்தை விட்டதில் இருந்து நிலத்தைத் தொடும்வரை உள்ள நேரம். பராமரிப்புக்காரர் விமானத்தின் வயதை இதை வைத்துத்தான் எண்ணுகிறார்கள், ஆகவே தனிப் பெயர் கட்டாயம். 'அந்தர நேரம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் யாழ்ப்பாணத்து ஆள் அதைக் கேட்டால் யாருக்கு என்ன அந்தரம் என்று பதறுவார். 'வானுறை நேரம்' இன்னும் மோசம். வானில் உறைபவர்கள் திரும்பி வருவதில்லை. 'வான்நேரம்' சின்னதாக இருக்கிறது, ஆனால் இலக்கணம் பார்ப்பவர்கள் 'வானேரம்' என்று சேர்த்துவிடுவார்கள்.

நான் 'ஆகாய நேரம்' என்பேன். வடசொல் என்று அடிக்க வருவீர்கள், தெரியும். வெள்ளவத்தையில் மரக்கறி விற்பவருக்கும் விளங்கும் சொல் அது. ஒரு வசனத்தில் வைத்துப் பார்த்தேன்: "பறப்பு நேரம் 85 நிமிடம், அதில் ஆகாய நேரம் 60." இடறவில்லை.