டிரேட்மார்க் தேடலில் "இன்று வரை புதுப்பிக்கப்பட்டது" என்று இருந்தால் எவ்வளவு நம்பலாம்?

மைக்கூடு:
வணக்கம் நண்பர்களே. ஒரு சின்ன மென்பொருளுக்குப் பெயர் வைக்கும் வேலை என்னிடம் வந்தது. முடிவு செய்யும் முன் டிரேட்மார்க் அலுவலகத்தின் இலவசத் தேடல் பக்கத்தில், பொருள்களையும் சேவைகளையும் பிரிக்கும் வகுப்புகளில் மென்பொருள் வரும் வகுப்பு 9, கணினிச் சேவைகள் வரும் வகுப்பு 42 இரண்டிலும் பார்த்தேன். அதே பெயரும் இல்லை, ஒலிப்பில் நெருங்கியதும் இல்லை. தைரியமாக விண்ணப்பம் போட்டோம். மூன்று வாரம் கழித்து வேறு எதற்கோ அதே பக்கத்துக்குப் போனால், கிட்டத்தட்ட எங்கள் பெயரே வகுப்பு 9-இல் உட்கார்ந்திருக்கிறது. அதன் தாக்கல் தேதி நான் தேடிய நாளுக்கு 12 நாள் முந்தியது!

நான் தேடிய அன்று பக்கத்தின் அடியில் "கடைசியாகப் புதுப்பித்தது" என்று அன்றைய தேதிதான் இருந்தது. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அப்படியானால் அந்த விண்ணப்பம் அதுவரை எங்கே இருந்தது? ஒரு தரவுத்தளம் உண்மையில் எந்தத் தேதி வரை நிறைந்திருக்கிறது என்று வெளியே இருந்தபடியே கண்டுபிடிக்க முடியுமா? எந்த நாட்டுத் தளம் என்று சொல்லவில்லை, அதை வைத்துச் சண்டை போடும் எண்ணம் இல்லை.

தட்டான்:
பிரௌசர் கேஷை அழித்துவிட்டுப் பாருங்கள். பழைய பக்கம் வந்திருக்கும்.

மைக்கூடு:
இல்லை சகோ. அன்றைக்கு இரண்டு கணினி, ஒரு செல்பேசி, மூன்றிலும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே முடிவுதான்.

காகிதப்பூனை:
அடியில் இருக்கும் தேதியை மறந்துவிடுங்கள். சில தளங்களில் அது நீங்கள் பக்கத்தைத் திறந்த நாள். சிலவற்றில் இரவு ஓடும் நிரல் ஓடி முடித்த நாள். நிரல் ஓடியது உண்மையாகவே இருக்கும். ஆனால் அது எதை அள்ளிக்கொண்டு வந்தது என்று அந்தத் தேதி சொல்லாது.

ஒரு விண்ணப்பம் தாக்கலாகும் நாளுக்கும் தேடலில் சிக்கும் நாளுக்கும் நடுவே பல மேசைகள் உண்டு. கட்டணம் சரிபார்க்க வேண்டும், படிவம் முழுமையா என்று பார்க்க வேண்டும், பொருள் பட்டியல் எந்த வகுப்பு என்று பிரிக்க வேண்டும். காகிதமாக வந்திருந்தால் ஸ்கேனும் தட்டச்சும் வேறு. ஒரே நாளில் தாக்கலான இரண்டில் ஒன்று மூன்றாம் நாளே தேடலில் வரும், இன்னொன்று மூன்றாவது வாரம் வரும். பின்னால் வந்தாலும் அதற்குப் பழைய தாக்கல் தேதிதான். உங்கள் 12 நாள் கதை அநேகமாக இதுதான்.

சரி, அளப்பது எப்படி? தாக்கல் தேதிப்படி வரிசைப்படுத்தி, மேலே இருப்பதைப் பார்த்து "ஆஹா, நேற்றைய விண்ணப்பமே வந்துவிட்டது" என்று எல்லோரும் ஏமாறுவார்கள். அது வேகமாக ஓடி வந்த ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். நீங்கள் செய்ய வேண்டியது நாள்வாரி எண்ணிக்கை. தாக்கல் தேதியை ஒரே நாளாக அடைத்துத் தேடி, எத்தனை முடிவு வருகிறது என்று குறியுங்கள். கடைசி 60 நாளுக்கும் இப்படிச் செய்யுங்கள். ஆயிரம் முடிவுக்கு மேல் காட்டாத தளம் என்றால் ஒரே ஒரு வகுப்பை வைத்து எண்ணுங்கள். வகுப்பு 9, 35 மாதிரி கூட்டம் அதிகமுள்ளது நல்லது.

பழைய நாட்களில் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். இன்றைய நாளை நெருங்க நெருங்கச் சரிவு தெரியும். சரிவு தொடங்கும் இடம்தான் உங்கள் தளத்தின் உண்மையான தேதி. செவ்வாயைச் செவ்வாயோடுதான் ஒப்பிட வேண்டும், விடுமுறை நாளைப் பார்த்துப் பதறக்கூடாது.

ஒரு வாரம் கழித்து அதே நாட்களை மறுபடி எண்ணினால் இன்னும் உறுதியாகத் தெரியும். போன வாரம் எண்ணிய நாள் இந்த வாரம் கூடியிருந்தால், அது அப்போது நிரம்பவில்லை என்று பொருள்.

வரிசைஎண்:
இவ்வளவு பாடு எதற்கு? விண்ணப்ப எண்கள் வரிசையாகத்தானே வரும். நடுவில் எந்த எண் இல்லையோ அது இன்னும் ஏறவில்லை. எண்ணிவிட்டால் முடிந்தது.

காகிதப்பூனை:
எண் வரிசையை நம்பி நானும் ஒரு காலத்தில் கெட்டிருக்கிறேன். மின்தாக்கலுக்கு ஒரு தொகுதி எண், காகிதத்துக்கு ஒரு தொகுதி, சர்வதேசப் பதிவு வழியாக வருவதற்கு இன்னொன்று என்று சில அலுவலகங்கள் முன்கூட்டியே பிரித்து வைக்கும். எண் வாங்கியபின் கட்டணம் கட்டாமல் விட்டதும் ஓட்டையாகத்தான் தெரியும். நிரந்தர ஓட்டை எது, நேற்றைய தாமதம் எது என்று வெளியிலிருந்து பிரிக்க முடியாது. ஆறு மாதம் பழைய நாட்களிலும் அதே அளவு ஓட்டை இருக்கிறதா என்று ஒப்பிட்டால் மட்டும் கொஞ்சம் உதவும்.

வரிசைஎண்:
ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தளத்தில் ஒரே தொகுதிதான், அதனால் அப்படிச் சொல்லிவிட்டேன்.

மைக்கூடு:
(ஒரு வாரம் கழித்து)
உட்கார்ந்து எண்ணிவிட்டேன், கண் பூத்துப்போனது. வகுப்பு 9-இல் மட்டும். மிகப் புதிய விண்ணப்பம் இரண்டே நாள் பழையது. ஆனால் எண்ணிக்கை மட்டத்துக்கு வருவது சுமார் 16 நாளுக்கு முன்புதான். முதல் தடவை எண்ணும்போது 10 நாள் பழைய ஒரு செவ்வாய்க்கு 58 இருந்தது. இன்று அதே செவ்வாய்க்கு 139. அதற்கு முந்தைய செவ்வாய்கள் எல்லாம் 140-ஐ ஒட்டியே. ஆக, எங்கள் 12 நாள் ஆசாமி சரியாகச் சரிவுக்குள்தான் ஒளிந்திருக்கிறார்.

இன்னொரு குழப்பம். பெயரைப் போட்டால் வராத ஒரு விண்ணப்பம், அதன் எண்ணைப் போட்டால் வருகிறது. இது எப்படி?

ஆந்தை:
இது மென்பொருள் பக்கத்து விஷயம், நான் சொல்கிறேன். எண்ணைக் கொடுத்தால் பல தளங்கள் நேராகப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்டும். பெயரைக் கொடுத்தால், தேடலுக்கென்று தனியாகத் தயாரித்து வைத்த பட்டியலான இன்டெக்ஸில் பார்க்கும். இன்டெக்ஸை இரவுக்கு ஒருமுறையோ வாரத்துக்கு ஒருமுறையோ தனியாகக் கட்டுவார்கள். பதிவேட்டில் இருந்தும் இன்டெக்ஸில் இல்லாத இடைவெளி அப்படித்தான் வருகிறது. ஆனால் அதற்கு முன் வடிகட்டியைப் பாருங்கள். "நடப்பில் உள்ளவை மட்டும்" என்று தானாகவே டிக் ஆகியிருந்தால், நிலை இன்னும் குறிக்கப்படாத புது விண்ணப்பம் வெளியே நின்றுவிடும். வகுப்பு பிரிக்காத விண்ணப்பமும் அப்படித்தான். வகுப்பைக் கொடுத்துத் தேடினால் வராது, கொடுக்காமல் தேடினால் வரும். அதனால் உங்கள் எண்ணிக்கையையும் ஒருமுறை வகுப்பு இல்லாமல் சரிபாருங்கள்.

லோகோ இன்னும் மோசம். உருவங்களுக்கு வியன்னா வகைப்பாட்டுக் குறியீடு போட்டால்தான் குறியீட்டுத் தேடலில் வரும். பெரும்பாலும் ஒருவர் படத்தைப் பார்த்து "பறவை, சிறகு விரித்தது" என்கிற மாதிரி குறியீடு போடுகிறார். அதனால் சொல் வந்து பல நாள் கழித்துத்தான் உருவம் வரும்.

தட்டான்:
அப்போ உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் தேடினால் எல்லா நாடும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுமே?

காகிதப்பூனை:
கிடைக்கும், ஆனால் அது திரட்டு. பல நாட்டு டிரேட்மார்க்குகளைக் காட்டும் டிஎம்வியூ தளமும் அப்படியே. ஒவ்வொரு அலுவலகமும் தன் வசதிப்படி அனுப்புவதை அவர்கள் ஏற்றுகிறார்கள். ஒன்று தினமும் அனுப்பும், இன்னொன்று எப்போதாவது. எனவே "அந்தத் தளம் எவ்வளவு புதியது" என்ற கேள்விக்கே பொருள் இல்லை. அதில் அந்த ஒரு நாட்டின் தரவு எவ்வளவு புதியது என்றுதான் கேட்க வேண்டும். குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் எந்தெந்த அலுவலகத் தரவு எந்தத் தேதி வரை என்று ஒரு பட்டியலே உண்டு, அதைத் திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. மூலத் தளத்தில் புதிதாக வந்த பத்து எண்களை எடுத்துத் திரட்டில் போட்டுப் பாருங்கள், கூடுதல் தாமதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

நிலையின் தாமதம் வேறு கணக்கு. அலுவலகம் விண்ணப்பங்களை விளம்பரப்படுத்தும் ஜர்னலின் கடைசி இதழை எடுத்து அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இருபது எண்களைப் பொறுக்குங்கள். தரவுத்தளத்தில் "விளம்பரப்படுத்தப்பட்டது" என்று மாறியிருக்கிறதா? மாறாமல் இருந்தால், வாபஸ், ஆட்சேபணை, உரிமை மாற்றம் எல்லாமே பின்தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். "காலாவதி" என்று பார்த்துத் துள்ளவும் வேண்டாம். புதுப்பிக்கத் தவறியவருக்குக் குறைந்தது 6 மாத அவகாசம் தர வேண்டும் என்று டிரேட்மார்க், காப்புரிமை போன்றவற்றுக்கான சர்வதேச ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கையே சொல்கிறது.

முன்தேதி:
எல்லோரும் தாமதத்தையே பேசுகிறீர்கள். தாமதம் பூஜ்யமான தளத்திலும் ஓட்டை இருக்கிறது. அதே பாரிஸ் உடன்படிக்கைப்படி ஒருவர் ஒரு நாட்டில் முதலில் விண்ணப்பித்துவிட்டு, 6 மாதத்துக்குள் இன்னொரு நாட்டுக்கு வந்து பழைய தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கேட்கலாம். நீங்கள் தேடும் நாளில் உங்கள் நாட்டு அலுவலகத்திலேயே அந்த விண்ணப்பம் கிடையாது. பிறகு வந்து உங்களுக்கு முன்னால் நிற்கும்.

பெரிய நிறுவனங்கள் இதைத் தெரிந்தே செய்கின்றன. ஐபோன் என்ற பெயருக்கு 2006 மார்ச்சில் டிரினிடாட் டொபாகோவில் விண்ணப்பம் போனது. அதே ஆண்டு செப்டம்பரில், ஆறு மாதம் முடியும் தறுவாயில், அமெரிக்காவில் அந்த முன்னுரிமையோடு போட்டார்கள், அதுவும் ஆப்பிள் பெயரில் அல்ல. கருவி மேடைக்கு வந்தது 2007 ஜனவரியில்.

ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளுக்குக் கேட்கும் மாட்ரிட் வழியிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. மூல அலுவலகத்தில் கொடுத்த நாளிலிருந்து 2 மாதத்துக்குள் ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தால், கொடுத்த நாளே சர்வதேசப் பதிவின் தேதி. அங்கிருந்து உங்கள் நாட்டுப் பட்டியலுக்கு வர இன்னும் நாளாகும். எனவே அந்தச் சர்வதேசப் பதிவுகளைத் தேடும் தளமான மாட்ரிட் மானிட்டரையும் தனியாகப் பாருங்கள்.

மைக்கூடு:
அடப்பாவமே, அப்போ முழுசாக எப்போதுதான் தெரியும்?

முன்தேதி:
உங்கள் தாக்கல் தேதியிலிருந்து 6 மாதமும், அதன்மேல் உங்கள் தளத்தின் தாமதமும். உங்கள் கணக்குப்படி 16 நாள், ஒரு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மாதம் ஒருமுறை அதே தேடலை ஓட்டுங்கள். பதிவு செய்யாமலே பயன்படுத்தி உரிமை பெற்ற பெயர்கள் எந்தத் தரவுத்தளத்திலும் வராது, அது தனிக் கதை. பெட்டி அச்சடிக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டிவிடுங்கள்.

மைக்கூடு:
(ஒரு மாதம் கழித்து)
பெயரை மாற்றிவிட்டோம். சொல்லும் லோகோவும் சேர்த்துப் புது விண்ணப்பம் போட்டு, அதையே சோதனைக்கு வைத்துத் தினமும் தேடினேன். எண்ணைப் போட்டபோது 6-ஆம் நாள் வந்தது. பெயரைப் போட்டபோது 8-ஆம் நாள். வகுப்போடு சேர்த்துத் தேடினால் 13-ஆம் நாள். இனி வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தாளில் "தேடிய தேதி" என்பதற்குக் கீழே "எண்ணிக்கை நிரம்பியிருந்த தேதி" என்று இன்னொரு வரியும் சேர்த்துவிட்டேன், ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஏன் இரண்டு தேதி என்று சண்டைக்கே வந்துவிட்டார். இன்றோடு 27 நாள். லோகோவுக்கு மட்டும் குறியீடு இன்னும் ஏறவில்லை.

ஆந்தை:
ஏறியதும் என்ன குறியீடு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் மயிலுக்கு வாத்து என்று போட்டு வைத்திருந்தார்கள்.