மனுசன் கண்டுபிடிச்சதுலயே பெருசு எது? மடையா, குளோரினா, யூரியாவா?

மேலக்கால்:
இந்தக் கேள்வி வந்தாலே ஆளாளுக்குச் சக்கரம், கரண்டு, இன்டர்நெட்டுன்னு ஒத்த வார்த்தையில எழுதிட்டுப் போயிருதாங்க. ஏன்னு கேட்டா பதில் இல்ல. அதனால இங்க ரெண்டு விதி. தீ, புவியீர்ப்பு மாதிரி ஏற்கெனவே கிடந்ததெல்லாம் கணக்குல வராது. மனுசன் செஞ்சதா இருக்கணும். அது எப்படி வேலை செய்யுது, எங்க கெட்டுப்போகும்னு சொல்லத் தெரிஞ்சவங்க மட்டும் கட்சி கட்டலாம்.

என் கட்சி குளத்து மடை. அணைக்கட்டைச் சொல்லல, கவனிங்க. ஆத்தை மறிக்கதுக்குக் கல்லும் ஆளும் இருந்தாப் போதும். தேக்கின தண்ணியைக் கரை உடையாம, வேணுங்கிற அளவு வெளிய எடுக்கதுலதான் மூளை இருக்கு.

பாண்டி நாட்டுப் பழைய குளங்கள்ல இருக்கது குமிழித்தூம்பு. கரைக்கு உள்பக்கம் ரெண்டு கல்தூண். அடியில கல்தொட்டி மாதிரி ஒரு அறை. அறையோட மேல்கல்லுல பெரிய துளை ஒண்ணு, அதுக்குப் பேரு நீரோடி. அதை அடைக்கதுதான் குமிழிக்கல். கீழ, தரை மட்டத்துல சின்னச் சின்னத் துளைகள், அது சேறோடி. குமிழிக்கல்லைத் தூக்கினா நீரோடி வழியாத் தண்ணி பாயும். அந்த இழுப்புல சேறோடி வழியா அடிவண்டலும் சேர்ந்து, கரைக்கு அடியில போற சுருங்கைக்குள்ள இறங்கி வயலுக்குப் போயிரும். தண்ணிக்குத் தண்ணி, உரத்துக்கு உரம், குளத்துக்கும் தூர் குறைவு.

துளை 15 செ.மீ. விட்டம்னு வைங்க. அதுக்கு மேல 4 மீட்டர் தண்ணி நின்னா வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். விளிம்புல நீர்த்தாரை ஒடுங்குததால 0.6-ஆல பெருக்கணும். நொடிக்கு ஏறக்குறைய 94 லிட்டர் வருது. ஒரு பகல் ஒரு ராத்திரி ஓடினா 81 லட்சம் லிட்டர். 40 ஏக்கர்ல 5 செ.மீ. தண்ணி கட்டலாம். குளம் வத்தி 1 மீட்டர் ஆனாலும் 47 லிட்டர் வரும். நிக்கிற தண்ணி கால்வாசி ஆகியும் பாய்ச்சல் பாதிதான் குறையுது பாத்துக்கிடுங்க.

கெடுதது எங்க? சுருங்கைக் கல்லும் கரை மண்ணும் சேருத இடத்துல. அங்க நூல் மாதிரி ஒரு கசிவு ஆரம்பிச்சா மண்ணை அரிச்சு, கரை உள்ளுக்குள்ளயே பொந்தாகி, ஒரு ராத்திரியில உடைப்பெடுத்துரும். அதான் அந்த இடத்துல மட்டும் களிமண்ணைக் குழைச்சு மிதிச்சு மிதிச்சு ஏத்துவாங்க. கரைக்கு வெளிப்பக்கம் கசியுத தண்ணி தெளிவா இருந்தா உடனே பயமில்ல. கலங்கி வந்தா அன்னைக்கே ஆள் கூட்டணும்.

நயினார்குளம்:
நம்ம திருநெல்வேலி அல்வாவை விட்டுட்டீகளே அண்ணாச்சி.

மேலக்கால்:
கோதுமையை ஊறப்போட்டு ஆட்டிப் பாலெடுக்கதுக்கும் தண்ணி வேணும்லா. என் கட்சிக்கு ஒரு ஓட்டுன்னு எழுதிக்கிடுதேன்.

கடையாணி:
சக்கரத்தை ஒத்த வரியில தள்ளுதீகளே, அது நியாயமா? வட்டமா வெட்டுத மரத்துண்டு சக்கரம் இல்ல. நடுவுல குடம், ஆரக்கால், வெளிவட்டமா வட்டை, அச்சா இருசு, சக்கரம் கழலாம இருக்கக் கடையாணி எல்லாம் சேந்தாத்தான் சக்கரம். ஒவ்வொரு வட்டைத் துண்டுக்கும் ரெண்டு ஆரக்கால். இது பூராவையும் இறுக்கிப் பிடிக்கது மேல போடுத இரும்புப் பட்டா. 1.5 மீட்டர் விட்டத்துச் சக்கரத்துக்குச் சுத்தளவு 4.71 மீட்டர். பட்டாவை அதைவிட ரெண்டு செ.மீ. போல குறைச்சு அடிச்சு, வறட்டியும் விறகும் அடுக்கிச் சுடணும். 500 டிகிரி ஏறினா 28 மி.மீ. நீளும். அந்தச் சூட்டுல மாட்டி உடனே தண்ணி ஊத்தணும். தாமதிச்சா வட்டை கருகும். குறைச்சது காணாதுன்னா கோடையில மரம் வத்தி பட்டா கழண்டு உருளும். ரொம்பக் குறைச்சா ஆரக்கால் நெளியும். மில்லிமீட்டர்க் கணக்கு வே இது, கருமான் கண்ணுலயே வச்சிருந்த கணக்கு.

துளிக்கணக்கு:
கடையாணி, விவரம் அருமை. ஆனா சக்கரம் இல்லாமலே தென் அமெரிக்காவுல இன்கா சனங்க பெரிய அரசு நடத்தியிருக்காங்க, மலை மேல ரோடு போட்டிருக்காங்க. இல்லாமலும் சமாளிக்க முடிஞ்ச ஒண்ணை முதலிடத்துல வைக்க முடியாது.

மேலக்கால் அண்ணாச்சிக்கு வாரேன். கலங்கல் தண்ணி கண்ணுக்குத் தெரியும். காலரா தெரியாது. 1892-ல ஜெர்மனியில ஹாம்பர்க் நகரமும் அதை ஒட்டின ஆல்டோனாவும் ஒரே எல்பே ஆத்துத் தண்ணியைத்தான் குடிச்சது. ஆல்டோனா கீழ்ப்பக்கம், ஹாம்பர்க் சாக்கடை கலந்த பிறகுதான் அதுக்குத் தண்ணி. ஆனா ஆல்டோனாவுல மணல் வடிகட்டி இருந்தது, ஹாம்பர்க்ல இல்ல. ஹாம்பர்க்ல 8,000 பேருக்கு மேல செத்தாங்க. ஆல்டோனா பெரும்பாலும் தப்பிச்சுது. ஒரே தெருவுல ஒரு பக்கம் சாவு, எதிர்ப்பக்கம் இல்லைங்கிற அளவுக்கு. மடை அங்கயும் இருந்திருக்கும்லா, என்ன செஞ்சுது?

என் கட்சி, மெதுவா ஓடுத மணல் வடிகட்டியும் அதுக்குப் பின்னால வந்த குளோரினும். ரெண்டும் ஒரே கண்டுபிடிப்போட ரெண்டு பாதின்னு வச்சுக்கிடுங்க.

மணல் 0.15 முதல் 0.35 மி.மீ. வரை, ஏறக்குறைய ஒரு மீட்டர் கனம். தண்ணி மணிக்கு 10 முதல் 20 செ.மீ. தான் இறங்கணும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 2,400 லிட்டர்ல இருந்து 4,800 வரை. மணல் வெறும் சல்லடை இல்ல. ரெண்டு மூணு வாரத்துல மேல ஒரு வழவழப்பான உயிர்ப்படலம் பிடிக்கும், கிருமியைத் தின்னுதது அதுதான். அவசரப்பட்டு வேகமா விட்டாலும், காயப்போட்டாலும் படலம் செத்துப்போகும். தண்ணி பாக்கதுக்குத் தெளிவாத்தான் வரும், கிருமியோட. அடைச்சுக்கிட்டா மேல 1, 2 செ.மீ. மட்டும் சுரண்டி எடுக்கணும், முழுசாக் கிளறக் கூடாது.

குளோரின்: மேல்நிலைத் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர்னு போட்டா, பவுடர்ல 25 முதல் 33 சதம் குளோரின் இருக்கப்போ லிட்டருக்கு 1 முதல் 1.3 மில்லிகிராம் வரும். நேராத் தொட்டியில கொட்டக் கூடாது. வாளியில பசை மாதிரி குழைச்சு, தண்ணி ஊத்திக் கலக்கி, பத்து நிமிசம் தெளியவிட்டு, மேல்தண்ணியை மட்டும் ஊத்தணும். அடியில நிக்கிற சுண்ணாம்பு தொட்டிக்குப் போனா குழாய் அடைக்கும். அரை மணி நேரம் கழிச்சுத்தான் திறக்கணும். கடைசி வீட்டுக் குழாயில 0.2 மில்லிகிராம் மிச்சம் இருந்தாத்தான் வேலை நடந்திருக்குன்னு அர்த்தம்.

யூரியா மூட்டை:
அக்கா சொல்லுதது உயிரைக் காப்பாத்தினது. காப்பாத்தின உயிருக்குச் சோறு? இன்னைக்கு உலகத்துல ஏறக்குறைய பாதிப் பேரு தட்டுல விழுகிற சோறு காத்துல இருந்து பிடிச்ச நைட்ரஜன்ல விளைஞ்சது. காத்துல 78 சதம் நைட்ரஜன் இருந்தும் பயிருக்கு ஒரு பொட்டு எட்டாது, ரெண்டு அணுவும் மூணு பிணைப்புல பூட்டுப் போட்டுக்கிட்டு இருக்கும். அந்தப் பூட்டை ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-ல மேசை மேல உடைச்சாரு. கார்ல் போஷ் 1913-ல ஜெர்மனியில இருக்க ஓப்பாவுல ஆலையாக்கினாரு.

இதுல ஹாபர் பேரைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு போஷ்தான் பெரியாளு. 200 மடங்கு காத்தழுத்தம், 500 டிகிரி சூடு. அந்தச் சூட்டுல ஹைட்ரஜன் எஃகுக்குள்ள புகுந்து அதுல இருக்க கரியை அரிச்சு எடுத்துரும். கரி போன எஃகு நொறுங்கும். முதல் உலைகள் சில நாள்லயே வெடிச்சது இதனாலதான். போஷ் என்ன செஞ்சாரு? உள்ள கரி இல்லாத மெல்லிரும்புல ஒரு உறை, வெளிய அழுத்தம் தாங்க எஃகு. உறையைத் தாண்டிக் கசியுத ஹைட்ரஜன் எஃகுல தங்காம வெளியேற, எஃகுல சின்னச் சின்னத் துளை. அவ்வளவுதான். ஓட்டையைப் போட்டு உலையைக் காப்பாத்தின ஆளு!

ஒரு சுத்துல 15 சதம் போலத்தான் அம்மோனியா ஆகும். குளிரவச்சு அதைத் திரவமாப் பிரிச்சுட்டு மிச்சத்தைத் திரும்ப உலைக்கே அனுப்பணும்.

மேலக்கால்:
அந்த ஓப்பாவுலதான் 1921-ல உரக்கிடங்கு வெடிச்சு 500 பேருக்கு மேல செத்தாங்க. ஹாபர் கை விஷவாயுவுலயும் இருந்தது. அதை ஒதுக்கி வைக்கேன், மடையும் உடைஞ்சா ஊரை அழிக்கத்தான் செய்யும். வயலுக்கு வாங்க. யூரியாவை எப்படிப் போடச் சொல்லுதீக?

யூரியா மூட்டை:
கார் பருவத்துக்கு அம்பை 16 மாதிரி 110, 115 நாள் நெல் ரகம்னா எக்டருக்கு 120 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில 46 சதம், அதாவது 20.7 கிலோ. ஏக்கருக்கு ரெண்டே கால் மூட்டைக்குக் கொஞ்சம் மேல. நாலாப் பிரிக்கணும்: அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது. நிக்கிற தண்ணியில வீசக் கூடாது. வீசினா தண்ணியில உள்ள பாசி பகல்ல காரத்தன்மையை ஏத்தி, அம்மோனியா ஆவியாப் பறந்துரும். தண்ணியை வடிச்சுச் சேறும் சகதியுமா இருக்கப்போ போட்டு, பிறகு தண்ணி கட்டணும். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4, வேப்பம்புண்ணாக்கு 1 கலந்து ஒரு ராத்திரி வச்சிருந்து போட்டா மெதுவாக் கரையும். பச்சை பத்தலையேன்னு கூடுதலாப் போட்டா தாள் இளகி, மழையில சாஞ்சுரும்; இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும்.

மேலக்கால்:
வடிச்சுட்டுப் போடணும், பிறகு கட்டணும். எதை வச்சு வடிக்கீக, எதை வச்சுக் கட்டுதீக? வயலுக்குத் தண்ணி விடுத வாமடையை வெட்டித்தானே? உங்க வாயாலயே வந்துட்டு.

யூரியா மூட்டை:
மண்வெட்டியை வச்சு வெட்டுதோம். அப்போ மண்வெட்டிக்குக் கப்பம் கட்டலாமா? ஒண்ணுக்கு ஒண்ணு வேணுங்கிறதால முன்ன வந்தது பெருசாயிராது அண்ணாச்சி. அப்படிப் போனா இரும்புல போய் நிக்கும். சிவகளை இரும்பு கி.மு. 4-ஆம் ஆயிரமாண்டு வரைக்கும் போகுதுன்னு 2025 ஜனவரியில தமிழக அரசு அறிக்கையே வந்துட்டு, உடனே நம்ம ஆளுக அதையும் கொண்டு வந்துருவாங்க.

கல்லெழுத்து:
கொண்டு வரல. என் கட்சி எழுத்து. இவ்வளவு அளவையும் விகிதத்தையும் இங்க எல்லாரும் எதுல பேசிக்கிட்டு இருக்கீங்க? போஷ் போட்ட துளை நமக்குத் தெரியுதுன்னா யாரோ எழுதி வச்சதாலதான்.

பனையோலையை எடுத்துக்கிடுங்க. முத்தாத இளம் ஓலையை மஞ்சள் சேர்த்த தண்ணியில வேகவச்சு, நிழல்ல உலர்த்தி, வழவழன்னு தேய்ச்சு, எழுத்தாணியால கீறி, விளக்குக் கரியைத் தடவித் துடைக்கணும். கீறின பள்ளத்துல கரி நிக்கும். நார் நீளவாக்குல ஓடுததால நேர்கோடா இழுத்தா ஓலை கிழியும். எழுத்து வளைஞ்சதுக்கு அது ஒரு காரணம். புள்ளி குத்தினா ஓட்டை விழும்னு புள்ளியை விட்டுட்டாங்க. அதனால எகரமா ஏகாரமா, ரகரமா காலா, மெய்யா உயிர்மெய்யான்னு இன்னைக்கும் சுவடி படிக்கவங்க மண்டையை உடைச்சுக்கிடுதாங்க. பூச்சி அரிக்கதுக்கு முன்னால படியெடுக்கணும். படியெடுக்க ஆள் இல்லாத சுவடி போனது போனதுதான்.

மேலக்கால்:
எழுத்துக்கு நம்ம பக்கத்துலயே சாட்சி இருக்கு, மருகால்தலை குகைக் கல்வெட்டு. அந்த ஊர்ப் பேரைப் பாருங்க. குளம் நிறைஞ்சு மறுகால் பாயுத தலை! எழுத்து இருக்க ஊருக்கே குளத்தை வச்சுத்தான் பேரு.

கல்லெழுத்து:
ஊர்ப் பேரு மருகால்தலை, இடையின ரகரம். நீங்க சொல்லுத மறுகால் வல்லின றகரம். ஒரு எழுத்தை மாத்திப் போட்டு ஒரு ஊரையே கட்சிக்கு இழுத்துட்டீக. கல்லுல இருக்கதோ வெண்காஸிபன் கொடுத்த கல் படுக்கையைப் பத்தி, குளத்தைப் பத்தி ஒரு சொல் இல்ல. 1906-ல பாத்த கல்வெட்டு. எழுத்து இல்லாட்டி இந்த வழக்கை எதை வச்சுத் தீர்ப்பீக?

நயினார்குளம்:
அண்ணாச்சிக்குக் கரை உடைஞ்சுட்டு 😂

மேலக்கால்:
ஒத்துக்கிடுதேன். எழுத்துக்கு அந்த ஓட்டைக் கொடுங்க. ஆனா துளிக்கணக்கு அக்கா தப்ப முடியாது. தாமிரபரணியில இருந்து குழாய்த் தண்ணி வாரது ஆத்து மணல்ல இறக்கின உறைகிணத்துல இருந்துதானே? உங்க வடிகட்டியை ஆறே சும்மா செஞ்சு தருது. அதுல கண்டுபிடிப்பு எங்க?

துளிக்கணக்கு:
நல்ல கேள்வி. ஆறு செய்யுதது வடிகட்டல், சரி. ஆனா மணலை அள்ளிட்டா என்ன ஆகும்? கிணத்தைச் சுத்தி மணல் கனம் குறையும், தண்ணி வந்து சேருத தூரமும் நேரமும் குறையும், வெள்ளத்துல கலங்கல் அப்படியே உள்ள வரும். கலங்கல்ல உள்ள அழுக்கு குளோரினைத் தின்னுரும். அதே 4 கிராம் போட்டாலும் கடைசிக் குழாயில 0.2 வராது. போட்டவரு கணக்குப்படி போட்டாரு, நோட்டுல கையெழுத்தும் இருக்கும், தண்ணி மட்டும் சுத்தமாகியிருக்காது. மூட்டையைத் திறந்து வச்சு பவுடர் ஈரம் பட்டுச் செத்துப்போனாலும் இதே கதை. வாசனை இருக்கேன்னு நம்பக் கூடாது. அதுக்குத்தான் ஆர்த்தோ டொலிடின் சொட்டு விட்டு மஞ்சள் நிறம் பாக்கது. பத்து நொடிக்குள்ள வார மஞ்சள்தான் தனிக்குளோரின், அதாவது எதோடயும் சேராம மிச்சம் இருக்கது. பிறகு ஏறுத நிறத்தை அதோட சேக்கக் கூடாது.

நீங்க மடைக்குச் சொன்ன கலங்கல் விதி இருக்குல்லா, வெளிய கசியுததைப் பாத்தே உள்ள நடக்கதைச் சொல்லுத விதி? இந்த மஞ்சளும் அதேதான். கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவச்சது எனக்குப் பெருசாப் படுது. அதனால என் ஓட்டை மாத்தலை.

யூரியா மூட்டை:
நானும் மாத்தலை.

கடையாணி:
சண்டை கிடக்கட்டும் அண்ணாச்சி, ஒரு சந்தேகம். அந்தச் சேறோடித் துளை அடைச்சுக்கிட்டா தண்ணிக்குள்ள இறங்கியா எடுக்கணும்?

மேலக்கால்:
நிறைகுளத்துல இறங்கவே கூடாது. குமிழி திறந்திருக்கப்போ இழுப்பு ஆளையே கொண்டு போயிரும், மூடியிருந்தாலும் உள்ள இருட்டு. சித்திரை, வைகாசியில குளம் வத்தினதும் தூம்பைச் சுத்தி வண்டலை முதல்ல அகலமா எடுக்கணும். துளையை மட்டும் நோண்டினா முதல் மழையில பக்கத்து வண்டல் சரிஞ்சு திரும்ப மூடிரும். கம்பியைச் சுருங்கைப் பக்கம் இருந்து விடாம, குளத்துப் பக்கம் இருந்து விடணும். இல்லேன்னா அடைப்பு இன்னும் இறுகும். கடைசியில சுருங்கை வெளிவாயில பாத்து, தண்ணி கலங்கலா வந்து பிறகு தெளியுதான்னு கவனிக்கணும். தெளியவே இல்லேன்னா அது சேறோடி வழியா வாரது இல்ல, கரை மண்ணு.