கூட்ஸின் கடைசிப் பெட்டியில் கார்டு வேண்டுமா: முள் நகராத கேஜ்

பிரேக்வேன்வாசி:
வழியில் ஒரு சிக் வேகனை (பழுதானதை) கழட்டிவிட்டு 57 வேகனோடு கிளம்ப வேண்டிய கூட்ஸ். பிரேக் காற்று போகும் ஹோஸ் மாட்டியாச்சு. காற்றழுத்தம் எஞ்சினில் 5.0 கிலோ, கார்டு இருக்கும் கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் 4.7. பார்வைக்கு எல்லாம் சரி. எல்பி (லோகோ பைலட், எஞ்சின் ஓட்டுபவர்) அரை கிலோ குறைத்தார், எஞ்சின் கேஜ் 4.5-க்கு இறங்கியது. வேன் கேஜின் முள் அசையவில்லை. கண்ணாடியைத் தட்டியும் அதே 4.7. வேகன் கழட்டிய இடத்தில் ஒரு ஆங்கிள் காக் (வேகன் முனையில் காற்றுக் குழாயைத் திறந்து மூடும் வால்வு) திறக்காமலே விடப்பட்டிருந்தது. பின்பாதியில் அடைபட்டுக் கிடந்த காற்றைத்தான் கேஜ் அதுவரை காட்டியிருக்கிறது. அப்படியே கிளம்பியிருந்தால் முன்பாதிக்கு மட்டும்தான் பிரேக்.

தண்டவாளம்77:
இதுக்கு ஆள் எதுக்கு? ஈஓடிடி (வண்டியின் வால் முனையில் மாட்டும் ரேடியோ கருவி) மாட்டியிருந்தால் கடைசிப் பெட்டியின் பிரஷர் எஞ்சின் டிஸ்பிளேயிலேயே தெரியும். குறையலைன்னா எல்பிக்கே சந்தேகம் வந்துடும். கேஜைப் பார்க்காமல் ‘ரைட்’ (கிளம்பலாம் என்ற சைகை) கொடுத்த கார்டுகளும் (இப்போ பதவிப் பெயர் டிரெயின் மேனேஜர்) உண்டு.

ராத்திரிலைன்:
பிரஷரோடு முடியுதா சார்? இரட்டைப் பாதையில் நடு வேகன் தடம் இறங்கி பக்கத்து லைனை அடைச்சது. எஞ்சினில் எச்சரிக்கை விளக்கான ஃபிளாஷரைப் போட்டுட்டு ஏஎல்பி (உதவி லோகோ பைலட்) எதிரே வர்ற வண்டியை நிறுத்த முன்பக்கம் ஓடினார், அதுதான் முறை. பின்னால் போக யார்? 58 வேகன்னா கிட்டத்தட்ட 650 மீட்டர் வண்டி. அதைத் தாண்டின பிறகுதான், பின்னால் வர்ற வண்டியை எச்சரிக்கப் போக வேண்டிய 1200 மீட்டர் கணக்கே ஆரம்பிக்கும். அன்னைக்கு அங்கே கார்டு இருந்தார், கைவிளக்கோடு இருட்டில் போய்க்கிட்டே இருந்தார். ஈஓடிடி விளக்கு சிமிட்டும், பின்னால் நடந்து போகாது.

டெட்டனேட்டர்:
கொக்கி மடக்காமல் வைத்த டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து எச்சரிக்கும் வெடி) அதிர்விலேயே தண்டவாளத்திலிருந்து விழுந்து கிடந்ததைப் பார்த்ததால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். லேபிள் மேலே பார்க்கணும். இரண்டு கொக்கியையும் தண்டவாளத் தலையைச் சுற்றி இறுக்கி மடக்கணும். பிராட்கேஜ் அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1200-ல் மூன்று, அந்த மூன்றுக்கும் நடுவே பத்துப் பத்து மீட்டர் இடைவெளி. போகும்போதே வண்டி வருவது தெரிந்தால் தூரத்தை அளந்துகொண்டு நிற்காதீர்கள், நிற்கும் இடத்திலேயே வையுங்கள். திரும்பக் கூப்பிட்டால் 1200-ல் உள்ள மூன்றையும் விட்டுவிட்டு, வழியில் 600-ல் உள்ள ஒன்றை மட்டும் எடுத்து வரணும். பலர் நாலையும் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அந்த நேரத்தில் பின்பக்கம் காப்பே இல்லை.

அப்புறம் தண்டவாளம்77-க்கு: பிரேக் டெஸ்ட் இரண்டு பக்கமும் நடக்கணும். எல்பி குறைத்து கார்டு பார்ப்பது ஒன்று, வேனில் கார்டு வால்வைத் திறந்து எஞ்சின் கேஜ் விழுவதை எல்பி பார்ப்பது இன்னொன்று.

தண்டவாளம்77:
ரெண்டாவதை ஈஓடிடியும் செய்யும். எஞ்சினிலிருந்தே பின்னால் எமர்ஜென்சி போடலாம். அது நடந்து போகாதுங்கிறதை மட்டும் ஒத்துக்கறேன்.

புதுஏஎல்பி:
அண்ணா, காக் மூடியிருப்பதை இருட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரேக்வேன்வாசி:
கையால் தடவிப் பார் தம்பி. கைப்பிடி பைப்போடு நேராக இருந்தால் திறந்திருக்கு, குறுக்கே நின்றால் மூடியிருக்கு. கழட்டி மாட்டிய இடத்தில் இரண்டு பக்கத்து காக்குகளையும் பார், ஒன்றோடு திரும்பிடாதே.