புதுப்பிப்பு: ஒஹாயோ பயணத்தில் பீஸ்டுக்கு எப்போது போவது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சீடர் பாயிண்ட் கேளிக்கைப் பூங்காவிலிருந்து கிங்ஸ் ஐலண்ட் பூங்காவுக்குக் காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், போய் இறங்கியதும் முதலில் அங்குள்ள பீஸ்ட் ரோலர் கோஸ்டரில் ஏறுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதை மாற்றிக்கொள்ளுங்கள், கடைசியாக ஏறுங்கள்.

1979இல் திறந்த மரக் கோஸ்டர் அது, 7,300 அடிக்கு மேல் நீளம். காலையில் சக்கர பேரிங்கில் கிரீஸ் கெட்டியாக இருக்கும், ரயில் சற்று மந்தமாகத்தான் ஓடும். நாள் முழுக்க ஓடிச் சூடேறியபின் வேகமே வேறு! தடம் காட்டுக்குள் போவதால் இருட்டியதும் அடுத்த வளைவுகூடத் தெரியாது.

ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று வரிசை. முன்வரிசையும் பின்வரிசையும் சக்கர அச்சுக்கு மேலே இருப்பதால் முதுகு அதிரும், நடுவரிசை கேளுங்கள். இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். வானம் கறுத்திருந்தால் மட்டும் இருட்டும்வரை காத்திருக்காமல் மதியமே ஏறிவிடுங்கள்.