பிடிஎம்எஸ் (ஒருவகை சிலிகோன் ரப்பர்) படலத்தில் ஒட்டுவிசை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

கேள்வி: ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) முனையால் பிடிஎம்எஸ் படலத்தைத் தொட்டு இழுக்கிறேன். முனை பிடுங்கிக்கொண்டு விலகும் விசை காலையில் ஒன்று, மாலையில் இரண்டு மடங்கு. இரு பரப்புகள் அழுந்தித் தொடுவதைக் கணக்கிடும் ஹெர்ட்ஸ் சமன்பாடும் பொருந்தவில்லை. எங்கே தப்பு?

பதில் 1: ஹெர்ட்ஸ் கணக்கில் ஒட்டுதலே கிடையாது. இவ்வளவு மென்மையான பொருளுக்கு 1971இல் ஜான்சன், கெண்டல், ராபர்ட்ஸ் தந்த, ஒட்டுதலையும் சேர்த்துக் கணக்கிடும் ஜேகேஆர் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். அப்புறம், கூர்முனை வேண்டாம், கோள முனை வையுங்கள், ஆரம் சரியாகத் தெரிந்தால்தான் கணக்கு நிற்கும்.

பதில் 2: நானும் இதே பாடுபட்டேன். படலத்தின் ரப்பர் வலையோடு பிணையாத சிலிகோன் மூலக்கூறுச் சங்கிலிகள் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பூச்சு மாதிரி முனையில் ஏறிவிடும். சுத்தமான மைக்காவை (வழவழப்பான கனிமத் தகடு) ஒருமுறை தொட்டுப் பாருங்கள், முனை சுத்தமாக இருந்தபோது அதில் வந்த பழைய விசை எண் வராவிட்டால் முனை அழுக்கு.

கேட்டவர்: மைக்காவிலும் எண் மாறிவிட்டது சார். புது முனை போட்டு, அந்தச் சங்கிலிகள் போகப் படலத்தையும் கரைப்பானில் ஊறவைத்துக் கழுவிவிட்டுச் சொல்கிறேன்.