தினமும் ஓடுகிறேன், ஸ்டாண்டிங் டெஸ்க்கில் நிற்க ஆரம்பித்ததும் குதிகால் வலி. என்ன செய்யலாம்?

காலை ஓட்டம்:
வணக்கம். ஓஎம்ஆரில் ஐடி வேலை, வயது 34. வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறேன். செவ்வாய்க்கிழமை வேக ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை 16 கி.மீ. ஜனவரியில் அரை மாரத்தான் ஓடத் தயாராகி வருகிறேன்.

அலுவலகத்தில் பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் மேசை கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது, அதனால் சந்தோஷமாக நின்றே வேலை பார்க்க ஆரம்பித்தேன். இப்போது காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் சுரீர் என்று குத்துகிறது. கொஞ்சம் நடந்ததும் குறைந்துவிடும். சாயங்காலம் இடுப்புக்கு மேலே இறுக்கிப் பிடிக்கிறது. செவ்வாய் ஓட்டத்தில் கெண்டைக்கால் கல்லாகக் கனக்கிறது. ஷூ புதுசுதான், ஓடும் தூரத்தையும் கூட்டவில்லை.

ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமா, இல்லை மேசையை ஓரங்கட்டிவிட்டு நாற்காலிக்கே திரும்ப வேண்டுமா? ஓடுகிறவர்கள் யாராவது நின்று வேலை பார்க்கிறீர்களா?

மேசைக்காரன்:
பதில் சொல்வதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். உங்கள் உயரம் என்ன, மேசையை எவ்வளவு உயரத்தில் வைக்கிறீர்கள்? லேப்டாப் மட்டும்தானா, தனி கீபோர்டு இருக்கிறதா? காலில் என்ன போட்டிருக்கிறீர்கள், தரை என்ன தரை?

காலை ஓட்டம்:
என் உயரம் 168 செ.மீ. மேசையில் 112 என்று காட்டுகிறது. லேப்டாப் மட்டும்தான். தரை டைல்ஸ். ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு நிற்பேன். சாப்பாட்டுக்கும் மீட்டிங்குக்கும் மட்டும் உட்காருவேன், மற்றபடி ஆறு மணி நேரம் போல நின்றுகொண்டுதான் இருப்பேன்.

மேசைக்காரன்:
அப்படியானால் இடுப்பு இறுக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. உங்கள் உயரத்துக்கு நிற்கும்போது முழங்கை ஏறத்தாழ 105 செ.மீ.யில் வரும், ஷூ போட்டால் இன்னும் 2 கூடும். மேசை அந்த மட்டத்தில் இருக்க வேண்டும், அல்லது ஒரு விரல் அளவு கீழே. லேப்டாப் திரை கண்ணுக்கு எட்டவில்லை என்று மேசையை 112க்கு ஏற்றியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் தோள் மேலே தூக்கிக்கொள்ளும், கழுத்து எப்படியும் கீழே குனியும், இரண்டையும் சமாளிக்க முதுகு வளையும்.

திரையும் கீபோர்டும் ஒட்டியிருக்கும்வரை இரண்டுக்கும் சரியான உயரம் கிடைக்காது. லேப்டாப்பை ஒரு ஸ்டாண்டில் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி, ஒரு கை நீளத் தூரத்தில் வையுங்கள். தனி கீபோர்டும் மௌஸும் வாங்கிவிடுங்கள். மேசையின் விலையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

மதுரை பிசியோ:
இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். எழுத்தை மட்டும் வைத்து நோய் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலை முதல் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறையும் வலி பெரும்பாலும் பிளான்டார் ஃபேஷியைடிஸ்தான். ஊரில் குதிகால் வாதம் என்பார்கள். குதிகாலிலிருந்து விரல்கள்வரை அடிப்பாதத்தில் ஓடும் பட்டையான திசு அளவுக்கு மீறிச் சுமை தாங்கும்போது வருவது.

ஓட்டத்தைக் கூட்டவில்லை என்கிறீர்கள், உண்மைதான். ஆனால் பாதத்தின் சுமை கூடியிருக்கிறது. முன்பு ஓடி முடித்ததும் அந்தத் திசுவுக்கு நாள் முழுக்க ஓய்வு கிடைத்தது. இப்போது அந்த நேரத்திலும் டைல்ஸ் மேல், ஷூ இல்லாமல், ஆறு மணி நேரம் அதே திசுதான் உடம்பைத் தாங்குகிறது. கால் கனப்பதும் இதனால்தான். நடக்கும்போதும் ஓடும்போதும் கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நிற்கும்போது அந்த வேலை நடக்காது, ரத்தம் கீழேயே தேங்கும். நன்றாக ஓடுகிறவருக்கு நிற்பது சுலபம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். வேக ஓட்டத்தை மட்டும் இரண்டு மூன்று வாரம் தள்ளிவையுங்கள். நிற்பதை 20, 30 நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் 2015-ல் வந்த நிபுணர் குழுவின் பரிந்துரையே, வேலை நேரத்தில் நிற்பதும் மெல்ல நடப்பதுமாகச் சேர்த்து 2 மணி நேரத்தில் தொடங்கி, படிப்படியாக 4 மணி நேரத்துக்குப் போங்கள் என்பதுதான். முதல் நாளே ஆறு மணி நேரம் யாரும் கேட்கவில்லை.

பயிற்சி ஒன்று போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்துக்கொண்டு குதிகாலை மெதுவாக உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். ஒரு சுற்றுக்கு 12 முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

கவனம்: குதிகால் எலும்பை இரண்டு பக்கமும் கையால் அழுத்தினால் கடுமையாக வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, வீக்கமோ மரத்துப்போவதோ இருந்தாலோ ஓடாமல் நேரே எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஓடுகிறவர்களுக்கு அந்த எலும்பில் நுண்ணிய விரிசல் வரக்கூடும்.

கணக்குப்பிள்ளை:
எதற்காக நிற்கிறீர்கள் என்பதையும் பார்த்துவிடலாம். எடை குறைய என்றால், நிற்பதால் உட்காருவதைவிட நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் கூடுதலாகச் செலவாகிறது என்று 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். ஆறு மணி நேரத்துக்கு 54 கலோரி, ஏறத்தாழ ஒரு இட்லி.

இதயத்துக்கு என்றால், லண்டன் பேருந்து ஆய்வை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 1953-ல் ஜெரமி மோரிஸ் குழு வெளியிட்டது. உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. ஆனால் அந்த நடத்துநர்கள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மாடிப் பேருந்தில் நாளெல்லாம் படி ஏறி இறங்கினார்கள். 83,000 பேரை வைத்து சிட்னி பல்கலைக்கழகத்தார் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், வெறுமனே நிற்பதால் இதய நோய் ஆபத்து குறையவில்லை. நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் நின்றவர்களுக்கு வெரிகோஸ் (காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுகொள்வது) போன்ற ரத்தக்குழாய்ப் பிரச்சினைகள்தான் கூடின.

தினமும் 60 முதல் 75 நிமிடம் ஓரளவு வேகமான உடலியக்கம் இருந்தால், நெடுநேரம் உட்காருவதோடு சேர்ந்து வரும் கூடுதல் மரண ஆபத்து மறைந்துவிடுகிறது என்று லான்செட் மருத்துவ இதழில் 2016-ல் வந்த கட்டுரை சொல்கிறது. உங்கள் ஓட்டம் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. குற்ற உணர்ச்சி இல்லாமல் உட்காருங்கள்.

தி.நகர் பையன்:
அக்கா, என் அம்மா ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பல வருஷம் சேல்ஸில் இருந்தார். காலையிலிருந்து கடை மூடும்வரை நிற்க வேண்டும், சுவரில் சாயக்கூட விட மாட்டார்கள். இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு, இன்றுவரை அழுத்தக் காலுறை போட்டுக்கொண்டுதான் நடக்கிறார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும் இங்கே 2021-லும் சட்டத்தைத் திருத்தினார்கள். அம்மாவுக்கு அது காலம் கடந்து வந்தது. அதனால் நிற்பது உடம்புக்கு நல்லது என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. உங்களிடம் நாற்காலி இருக்கிறது, தயவுசெய்து உட்காருங்கள்.

அம்மா சொல்லச் சொன்னது ஒன்று. கல்லாவுக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலை அதன்மேல் வைத்துக்கொள்வார்களாம். இடுப்புக்கு அது பெரிய ஆறுதல் என்கிறார்.

மதுரை பிசியோ:
அம்மா சொல்வது மிகச் சரி. 10 முதல் 15 செ.மீ. உயரம் போதும். ஒரு கால் மேலே இருந்தால் கீழ் முதுகின் வளைவு தளரும். முழங்காலையும் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொள்ளாதீர்கள்.

காலை ஓட்டம்:
எல்லோருக்கும் நன்றி, இத்தனை விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தம்பி, அம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள். எலும்பை அழுத்திப் பார்த்தேன், வலி இல்லை.

சில வாரங்களாக மேசை 106-ல் இருக்கிறது. ஸ்டாண்டும் கீபோர்டும் வாங்கிவிட்டேன், ஷூவைக் கழற்றுவதில்லை. ஓடிவிட்டு வரும் நாளில் மதியம்வரை உட்கார்ந்துதான் வேலை. போன் பேசும்போது நடக்கிறேன். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும் நேரத்தில்தான் மேசையை ஏற்றுகிறேன். எனக்கு அது உண்மையிலேயே உதவுவது அந்த நேரத்தில்தான். இடுப்புப் பிடிப்பு போய்விட்டது. குதிகால் வலி ஞாயிறு நீள ஓட்டத்துக்கு மறுநாள் காலையில் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. நிற்பதற்கென்று ரப்பர் மெத்தை விற்கிறார்களே, வாங்கலாமா?

மதுரை பிசியோ:
டைல்ஸ் தரைக்கு வாங்கலாம். 2 செ.மீ. கனம் போதும், மிதித்தால் அப்படியே புதையும் மெத்தை வேண்டாம். திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்தே இருங்கள். அந்தக் காலை வலியும் போன பிறகு வேக ஓட்டத்தைச் சிறிய தூரத்தில் ஆரம்பியுங்கள், ஞாயிறு 16 கி.மீ.யை அதுவரை கூட்ட வேண்டாம்.